புதுப்பிப்பு: வீட்டில் உப்பைக் குறைப்பது – ஜாடிக் கணக்கு பலித்தது

பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டில் சமையல் உப்பைக் குறைக்க வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது "மாசத்துக்கு ஒரே ஜாடி" யோசனைதான்: மாசத்துக்கான உப்பை முதலிலேயே ஒரு ஜாடியில் போட்டு வைத்து, அதை மட்டும் வைத்தே சமைப்பது.

பெரியவர் ஒருவருக்கு உப்பு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 4 பேருக்கு 30 நாளில் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், மிக்சர், பிஸ்கட்டில் வருவதும் இதில் சேர்த்தி என்பதால் ஜாடியில் 450 கிராம்தான். எடை போட்டே நிரப்புங்கள். கல்லுப்பில் இடைவெளி அதிகம், அதே ஸ்பூன் தூளுப்பு கனமாக இருக்கும்.

எதிர்பாராதது புளி. உப்பை மட்டும் குறைத்தால் ரசத்தில் புளிப்பு தூக்கலாகிவிடுகிறது. புளியையும் கால் பங்கு குறைத்ததும் சரியானது. சாதத்துக்கு உப்பு போடுவதை நிறுத்தியதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. மோருக்குத்தான் இன்னும் சண்டை.

இந்துப்புக்கு மாறச் சொன்னவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டைப் பாருங்கள். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.