மேன்ஹோல் பொங்குது, குழாய்த் தண்ணி மணக்குது: மாநகர சபை பாதீட்டுக்கு முதல் என்ன செய்யலாம்?

ஜம்பட்டா13

கொழும்பு 13இல் ஒரு தோட்டம், 40 வீடு வரை இருக்கு. பலத்த மழை பெய்தால் ஒழுங்கை முனையில் இருக்கிற மேன்ஹோல் பொங்கி கழிவு வாசல் வரைக்கும் வருது. அதோடு, தண்ணி வெட்டித் திரும்ப விடும்போது முதல் கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணி மணக்குது. டிசம்பரில் வரவு செலவுத் திட்டக் கூட்டம் வருது, அன்றைக்கு எல்லாரும் நகர மண்டபத்துக்குப் போய்க் கேட்போம் என்று தோட்டத்தில் சொல்றாங்க. அங்கே பொதுமக்களைப் பேச விடுவாங்களா? இந்த இரண்டு பிரச்சினையும் ஒரே அலுவலகமா, வேறு வேறா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? விசயம் தெரிந்தவங்க சொல்லுங்க.

கோவைக்கட்டு

பேச விட மாட்டார்கள். பொதுச்சபைக் கூட்டத்தில் உறுப்பினர்தான் பேசலாம். பார்வையாளர் பகுதியில் இருந்து கேட்கலாம், அதற்கும் முன்கூட்டியே செயலாளரிடம் அனுமதி கேட்டு வைப்பது நல்லது. இப்போது சபையில் 117 உறுப்பினர்கள். உங்கள் வட்டாரத்தில் நேரடியாகத் தெரிவானவர் ஒருவர் இருப்பார், கட்சிப் பட்டியலில் வந்தவர்களும் இருப்பார்கள். உங்கள் விசயத்தை எழுப்ப யாராலும் முடியும், ஆளும் தரப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஆனால் டிசம்பருக்குப் போவதே பிந்திப் போவதுதான். சபையின் நிதியாண்டு ஜனவரி 1இலிருந்து டிசம்பர் 31 வரை. டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வருவது தொகைகள் கட்டி முடிந்த ஆவணம். அதற்கு முதலே திணைக்களங்கள் தங்கள் மதிப்பீட்டைக் கொடுத்து, அதை நிதி நிலையியற் குழு பார்த்து, மேயர் சபையில் வைக்கிறார். உங்கள் ஒழுங்கையின் வேலை திணைக்களப் பொறியியலாளரின் பட்டியலில் இல்லாவிட்டால் டிசம்பரில் யார் சத்தம் போட்டாலும் உள்ளே வராது. ஓகஸ்ட், செப்டெம்பருக்குள் கடிதம் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

வாக்கெடுப்பு நாளில் வேறு கணக்குதான் ஓடும். 2026ஆம் ஆண்டுக்கான பாதீடு 2025 டிசம்பரில் முதல் தடவை மூன்று வாக்கால் தோற்று, பிறகு 31ஆம் திகதி மறுபடி வைத்து நிறைவேற்றப்பட்டது. அந்த இழுபறிக்குள் ஒரு ஒழுங்கையின் மேன்ஹோலை யார் பார்ப்பது?

கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம், இடமும் திகதியும் வேண்டும். மழை பெய்த நாள், பொங்கிய நேரம், எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை வீட்டு வாசல், மேன்ஹோல் எந்த வீட்டு இலக்கத்துக்கு முன்னால். ஒரு பக்கம் போதும். கையெழுத்துப் பட்டியலில் வீட்டு இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள், வெறும் கையெழுத்து எந்தக் கோவையிலும் எடை போடாது. தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் வேலை வேகமாக நடக்க வேண்டுமானால் சிங்களப் பிரதி ஒன்றையும் பின்னால் இணைத்து விடுங்கள். பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் கருமபீடத்தை விட்டு வர வேண்டாம்.

பைப்லைன்

இரண்டும் வேறு அலுவலகம். குழாய்த் தண்ணி தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, தொலைபேசி 1939. கொழும்பு நகருக்குள் மலக்கழிவுக் குழாய், அதாவது உங்கள் மேன்ஹோல், மாநகர சபையுடையது. நீர் வழங்கல் சபையின் பெயரிலும் வடிகால் என்று இருப்பதால் கன பேர் மேன்ஹோலுக்கு 1939ஐ அழைத்து, அங்கிருந்து திருப்பி விடப்பட்டு, ஒரு கிழமையை வீணாக்குகிறார்கள். பெரிய கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். காலி வீதி, பேஸ்லைன் போன்ற ஏ தர வீதிகளின் ஓரக் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஒழுங்கைக்குள் இருக்கிற கான் மாநகர சபை.

இனி மேன்ஹோல். கொழும்பில் மலக்கழிவுக் குழாயும் மழைநீர்க் கானும் தனித்தனி. அப்படியென்றால் மழைக்கும் மேன்ஹோலுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. மழைக்குத்தான் பொங்குது என்றால் எங்கேயோ மழைநீர் உள்ளே இறங்குது. பெரும்பாலும் கூரைப் பீலியையும் முற்றத்துத் தண்ணியையும் வசதிக்காக மலக்குழாயில் கொழுவியிருப்பார்கள். மழை இல்லாத நாளிலும் பொங்கினால் அது அடைப்பு: கடைகளிலிருந்து வரும் எண்ணெய், கொழுப்பு, துணி, பிள்ளைகளின் பம்பர்ஸ். கொழுப்பு என்றால் மேன்ஹோலின் உள்சுவரில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஒரு வளையம் ஒட்டியிருக்கும், அது எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குத் தண்ணி அடிக்கடி நிற்கிறது.

சபை ஆட்கள் வந்து மூடியைத் தூக்கும்போது அந்த ஒன்றை மட்டும் பார்க்க விடாதீர்கள். கீழ்ப்பக்கத்து அடுத்த மேன்ஹோலையும் திறக்கச் சொல்லுங்கள். உங்களுடையது நிறைந்து, அடுத்தது வற்றி இருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். இரண்டும் நிறைந்திருந்தால் கோளாறு இன்னும் கீழே, பம்பிங் ஸ்டேசன் பக்கமாகக்கூட இருக்கலாம். அப்போது உங்கள் ஒழுங்கையில் எத்தனை தடவை ஜெட்டிங் (அமுக்கத்தில் தண்ணி பாய்ச்சிக் குழாயைக் கழுவுவது) அடித்தாலும் நிற்காது. மழைநீர் இணைப்பைப் பிடிக்க, சந்தேகமான வீட்டுப் பீலியில் சாயத் தண்ணி ஊற்றினால் சில நிமிசத்தில் மேன்ஹோலில் நிறம் தெரியும்.

மூடியை நீங்களே திறக்க வேண்டாம். திறந்தாலும் தலையை உள்ளே நீட்ட வேண்டாம், இறங்கவே வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு முதலில் மணக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். ஆட்கள் சாவது அந்த இடத்தில்தான்.

கலி பவுசர், அதாவது கழிவு உறிஞ்சும் லொறி, வந்து உறிஞ்சிக் கொண்டு போனால் அன்றைக்கு மட்டும் சுகம், மேன்ஹோலில் நின்றது போகும், குழாயில் ஒட்டியது அப்படியே இருக்கும். கேட்க வேண்டியது ஜெட்டிங்கும் அதற்குப் பிறகு குழாய்க்குள் கமரா ஓட்டிப் பார்ப்பதும். கமராவில் குழாய் உடைந்தோ, மரவேர் புகுந்தோ, நடுவில் பள்ளமாகத் தாழ்ந்தோ இருப்பது தெரிந்தால்தான் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதலாம். கோவைக்கட்டு சொன்ன பட்டியலுக்குள் போக அந்த மதிப்பீடு வேண்டும்.

கோவைக்கட்டு

பைப்லைன் சொன்னதோடு ஒன்று. ஜெட்டிங், கலி பவுசர் எல்லாம் மீண்டுவரும் செலவு (வருசா வருசம் வரும் பராமரிப்பு), குழாய் மாற்றுவது மூலதனச் செலவு (புதிதாகக் கட்டுவது). இரண்டையும் ஒரே கடிதத்தில் ஒரே வசனத்தில் கேட்டால் ஜெட்டிங்கை அடித்துவிட்டு கோவையை மூடிவிடுவார்கள். இரண்டு கோரிக்கையாக, இரண்டு இலக்கம் போட்டுக் கேளுங்கள்.

ஆறாம்மாடி

வெள்ளவத்தை பக்கத்தில் ஃபிளட்டுகளிலும் தண்ணி மணக்கிறது என்று அடிக்கடி கேட்கிறோம். 1939க்கு அழைத்தால் வந்து மீற்றருக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு தண்ணி சரி என்று போகிறார்கள்.

குளோரின்02

ஆறாம்மாடி, அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். நீர் வழங்கல் சபையின் பொறுப்பு மீற்றர் வரை. அதற்குப் பிறகு சம்ப் (நிலத்தடித் தண்ணித் தொட்டி), மோட்டர், மொட்டைமாடித் தாங்கி எல்லாம் கட்டடத்துடையது, ஃபிளட் என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் வேலை. நிலத்தடிச் சம்ப் கழிவு மேன்ஹோலுக்குப் பக்கத்தில் இருந்து, சுவரில் வெடிப்பும் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே சோதனை. மீற்றருக்கு அடுத்த முதல் குழாயில், தாங்கிக்குப் போக முதல், ஒரு போத்தல். குசினிக் குழாயில் இன்னொன்று. இரண்டிலும் எஞ்சிய குளோரின், அதாவது சுத்திகரித்த பிறகும் தண்ணியில் மிஞ்சியிருக்கிற குளோரின், பார்க்க வேண்டும். குளோரின் சோதிக்கிற டி.பி.டி. மாத்திரை போட்டால் தண்ணி இளஞ்சிவப்பாகும், நிற அட்டையோடு ஒப்பிடலாம். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். முதல் குழாயில் இருந்து குசினியில் இல்லையென்றால் கோளாறு உங்கள் தாங்கியில். முதல் குழாயிலேயே இல்லையென்றால் 1939க்குச் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணியை நீங்கள் சோடாப் போத்தலில் பிடித்துக் கொண்டு போனால் எடுக்க மாட்டார்கள். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதிக் கொடுத்து பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எடுக்க வேண்டும். குழாய் வாயைத் துடைத்துச் சுட்டு, இரண்டு மூன்று நிமிசம் தண்ணியை ஓட விட்டு, கிருமி நீக்கிய போத்தலில் பிடிப்பார்கள். போத்தலுக்குள் சோடியம் தயோசல்பேற்று போட்டிருக்கும். அது இல்லாவிட்டால் தண்ணியில் இருக்கிற குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று, ஆய்வுகூடத்தில் பொய்யாக நல்ல முடிவு வரும். ஐஸ் பெட்டியில் அன்றைக்கே போக வேண்டும். குடிதண்ணிக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614 படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஜம்பட்டா13, உங்கள் கதை வேறு. தண்ணி வெட்டித் திரும்ப விடும்போது மட்டும் மணக்கிறது என்றால் அநேகமாக சேர்விஸ் குழாயில், அதாவது பெரிய குழாயிலிருந்து வீட்டுக்கு வருகிற குழாயில், ஓட்டை. அமுக்கம் இருக்கும்போது ஓட்டையால் தண்ணி வெளியே கசியும், அமுக்கம் விழுந்தால் வெளியில் இருக்கிறதை உள்ளே இழுக்கும். பழைய தோட்டங்களில் ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய் கானுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும், துருப்பிடித்த சொக்கட், அதாவது பொருத்து, இடத்தில்தான் விடும். யாராவது லைனில் நேரே மோட்டர் பூட்டி இழுத்தால் இன்னும் மோசம். ஓட்டை மீற்றருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து, கானுக்கு மேலால் பி.வி.சி. போட்டு மாற்றுவதுதான் தீர்வு. குறுக்கே கடக்கிற இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாகப் போட வேண்டும். அதுவரை முதல் தண்ணியை ஓட விட்டு, குடிக்கிறதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

தாங்கியைக் கழுவுகிறவர்களுக்கு அளவு: 1000 லீற்றருக்கு 30 வீத குளோரின் தூள் சுமார் 170 கிராம். வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் நிறைந்த தாங்கியில் ஊற்றி, ஒவ்வொரு குழாயையும் மணம் வரும் வரை திறந்து மூடி, ஒரு மணித்தியாலம் விட வேண்டும். அது லீற்றருக்கு 50 மில்லிகிராம், குடிக்கிற அளவு இல்லை. முழுவதையும் வெளியேற்றி, புதுத் தண்ணி நிரப்பின பிறகே பாவிக்கலாம்.

இன்னொரு விசயம், இதை ஆரும் கவனிக்கிறதில்லை. தோட்டத்தில் யாருக்கும் வயிற்றோட்டமோ டெங்குவோ வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால், இப்போது இருக்கிற விலாசத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். அடையாள அட்டையில் இருக்கிற ஹட்டன், யாழ்ப்பாணம் விலாசத்தைக் கொடுத்தால், அறிவிக்க வேண்டிய நோய்க்கு ஆஸ்பத்திரி அனுப்புகிற படிவம் அங்கே போகும். இங்கே பி.எச்.ஐ. வர மாட்டார், உங்கள் பிரிவின் கணக்கிலும் நோயாளி ஏறாது. அப்புறம் சபையில் சுகாதாரத்துக்குக் காசு கேட்கும்போது காட்ட இலக்கம் இருக்காது. போர்டிங்கில் இருக்கிற பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள்.

ஜம்பட்டா13

மிச்சம் நன்றி. கீழே இருக்கிற மேன்ஹோலைப் பார்க்கச் சொல்லணும் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போ ஒக்டோபர் ஆகிட்டுதே, இந்த வருசம் சரிவராதா? தோட்டத்தில் பாதிப் பேர் வரி கட்டுறதில்லை, அதனால் கேட்க உரிமை இல்லை என்றும் ஒருவர் சொல்றார்.

கோவைக்கட்டு

அந்தக் கதையை விடுங்கள். மதிப்பீட்டு வரி ஆதனத்துக்கு விதிக்கிறது. கட்டாதவருக்கு நிலுவை ஏறும், சுகாதாரச் சேவை நிற்காது. கட்டுகிறவர்கள் ஜனவரி 31க்குள் முழு வருசத்துக்கும் கட்டினால் 10 வீதக் கழிவு, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒக்டோபர் என்றால் மூன்று வழி இருக்கு. ஜெட்டிங்குக்கும் கமராவுக்கும் இந்த வருசத்து மீண்டுவரும் செலவிலேயே காசு இருக்கலாம், அதை உடனே கேளுங்கள். மூலதன வேலைக்கு, பாதீட்டு வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது பத்திரிகையில் அறிவித்தல் வரும். கொடுக்கிற நாட்கள் கொஞ்சம், அதற்குள் போய் வடிகால் பகுதிச் செலவுத் தலைப்புகளில் உங்கள் பகுதி இருக்கா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் உறுப்பினர் விவாதத்தில் திருத்தமாகக் கேட்கலாம், கமரா முடிவும் மதிப்பீட்டுத் தொகையும் அவர் கையில் இருந்தால். அதுவும் தவறினால் அடுத்த வருசம் குறைநிரப்பு மதிப்பீடு, அதாவது பாதீட்டுக்குப் பிறகு மேலதிகமாக ஒதுக்குகிற காசு. அதற்கும் அதே கடதாசிகள்தான் வேண்டும்.

இதற்கிடையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஆர்.டி.ஐ. 01 படிவம் கட்டாயமில்லை, கடிதமே போதும், விண்ணப்பக் கட்டணமும் இல்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

“ஏன் செய்யவில்லை” என்று கேட்க வேண்டாம். சட்டம் தருவது பதிவில் இருக்கிறதை, விளக்கத்தை அல்ல. இப்படிக் கேளுங்கள்: “1. இந்த ஒழுங்கையின் மேன்ஹோல் பற்றி கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான முறைப்பாடுகளின் திகதிப் பட்டியல். 2. அங்கு ஜெட்டிங் செய்த திகதிகள். 3. கமரா ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கைப் பிரதி. 4. குழாய் மாற்றத்துக்கு மதிப்பீடு தயாரித்திருந்தால் அதன் பிரதி. 5. இந்த வட்டாரத்தின் மலக்கழிவுக் குழாய்த் திருத்தத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை, இன்றுவரை செலவான தொகை.” ஐந்தாவது பதில் வந்ததும் பிரதி எடுத்து உறுப்பினரிடம் கொடுங்கள். ஒதுக்கிய காசு செலவாகாமல் கிடந்தால் காசு இல்லை என்று சொல்ல முடியாது.

பைப்லைன்

மூன்றாவதில் கமரா அறிக்கையோடு வீடியோப் பிரதியும் என்று சேருங்கள். அறிக்கையில் “குழாய் திருப்திகரம்” என்று ஒரு வரிதான் எழுதியிருக்கும். வீடியோவில் மீற்றர் கணக்கு ஓடும், எத்தனையாவது மீற்றரில் பள்ளம் இருக்கு என்று நீங்களே பார்க்கலாம்.