ராத்திரியில் மட்டும் ஃபெயிலான டெஸ்ட்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?
(மென்பொருள் டெஸ்ட் எழுதும் மூவரின் உரையாடல்; பேசுபவர்கள் ஊர்ப் பெயரில்.)

மாட்டுத்தாவணி
மொத்தப் பூக்கடைக்கான பில்லிங் ஆப். இன்று போட்ட பில் இன்றைய கணக்கில் வருகிறதா என்று பார்க்க பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் கருவியில் ஒரு டெஸ்ட். பகலில் எப்போது ஓட்டினாலும் பாஸ். ரிலீஸ் அன்று ராத்திரி ஒரு மணிக்கு ஓட்டினால் ஃபெயில். 'ஃபிளேக்கி' (காரணமில்லாமல் சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில்) என்று சொல்லி, அதை ஓட்டாமல் தாண்டும்படி ஸ்கிப் போட்டது நான்தான்.

மறுவாரம் விடியற்காலை நாலு மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டார், ஓடினேன். ஈரச் சாக்கில் மல்லி குவிந்து கிடக்கிறது. தராசைவிட்டுக் கண்ணை எடுக்காமலே ஸ்கிரீனைக் காட்டினார். "தம்பி, இப்ப வந்த பூவ நேத்து வந்ததா காட்டுதே, விவசாயிக்கு எந்த நாள் ரேட்டுப்பா போடுறது?"

தேதியை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எடுத்திருந்தோம். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 5.30 வரை அதற்கு நேற்றுதான். பூ மார்க்கெட்டில் அதற்குள் எவ்வளவு வியாபாரம் நடந்துவிடும்! டெஸ்ட் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த மனிதரின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

விளாங்குடி
ஸ்கிப் போட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். போட்டுவிட்டு மறந்ததுதான் தப்பு. எனக்கு, சேவ் பட்டன் லேப்டாப்பில் கிளிக் ஆகும், சர்வரில் ஆகாது. இரண்டு நாள் ஸ்லீப்பை (டெஸ்ட் காத்திருக்கும் நேரத்தை) 2, 5, 10 விநாடி என்று ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், ஹெட்லெஸ் குரோம் (திரையில் தெரியாமல் ஓடும் குரோம்) 800×600 அளவில் திறந்து, குக்கீ அனுமதி கேட்கும் பேனர் சேவ் பட்டனை மறைத்திருக்கிறது.

திருமங்கலம்
எனக்கும் தேதிதான். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச்சுக்குப் போய்விட்டது.

இரண்டு பேரும் பிளேரைட்டுக்கு (செலினியம் மாதிரி இன்னொரு டெஸ்ட் கருவி) மாறிவிடுங்கள். பட்டனை வேறு எதுவும் மறைக்கிறதா என்று கிளிக்குக்கு முன் அதுவே பார்த்துக் காத்திருக்கும், ஸ்லீப்பே வேண்டாம். டைம்ஸோனை கான்ஃபிகில் (அமைப்புக் கோப்பில்) ஒரே வரியில் கொடுக்கலாம். 1.45 பதிப்பிலிருந்து பிரவுசர் கடிகாரத்தையே நிறுத்தி வைக்கலாம். விடியற்காலை 4 மணி, ராத்திரி 11.59, மாதக் கடைசி, பிப்ரவரி 29, எல்லாவற்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். ஃபெயிலானால் டிரேஸை (டெஸ்ட் ஓடியதன் பதிவை) திறந்து ஒவ்வொரு படியாகப் பாருங்கள். ஊகித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மாட்டுத்தாவணி
டூல் மாற்றுவது அப்புறம். குரோம் டெவ்டூல்ஸ் (குரோமின் டெவலப்பர் கருவிகள்) வழியாக செலினியத்திலேயே டைம்ஸோனை மாற்ற முடிகிறது. ஸ்கிப்பை எடுத்துவிட்டேன். 5.30-க்கு முன் போட்ட பழைய பில்களை, கடைக்காரரோடு உட்கார்ந்து சிட்டையை வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்பது நாள் கணக்கு பாக்கி.