புதுப்பிப்பு: ஸ்பானிஷில் ‘மிக உயரமான’ என்று சொல்வது பிடிபட்டுவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன், ‘வகுப்பிலேயே மிக உயரமான பெண்’ என்பதற்கு ‘லா சிகா மாஸ் ஆல்தா என் லா கிளாசே’ என்று எழுதினால் ஏன் தப்பு என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தப்பு அந்த ‘என்’னில்தான். நாம் ‘வகுப்பிலேயே’ என்று இல் உருபு போட்டே பழகியதால் கை தானாக ‘என்’ போட்டுவிடுகிறது, ஆனால் ஸ்பானிஷில் அங்கே ‘தே’ வர வேண்டும்: ‘மாஸ் ஆல்தா தே லா கிளாசே’.

அப்புறம் முன்னால் வரும் ‘எல்’, ‘லா’வை (ஆங்கில ‘the’ மாதிரி, ஆண்பாலுக்கு ‘எல்’, பெண்பாலுக்கு ‘லா’) விடவே கூடாது. ‘எஸ் மாஸ் ஆல்தா’ என்றால் அவள் இன்னொருவரைவிட உயரம், ‘எஸ் லா மாஸ் ஆல்தா’ என்றால்தான் எல்லோரிலும் உயரம். இவ்வளவு சின்னச் சொல் இவ்வளவு வேலை செய்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது!

‘மிகச் சிறந்த’ என்பதற்கு ‘எல் மெஹோர்’, அதில் ‘மாஸ்’ (‘அதிக’ என்ற சொல்) சேர்க்கக் கூடாது. ‘ஆல்தீசிமா’ வேறு வகை, யாரோடும் ஒப்பிடாமல் ‘ரொம்ப ரொம்ப உயரம்’ என்பது மட்டும்தான். ‘ரீகோ’ (ருசியான) ‘ரிகீசிமோ’ (ரொம்ப ருசியான) ஆகும்போது ககர ஒலியைக் காப்பாற்ற எழுத்து மாறுகிறது, அதைத்தான் இப்போது எழுதி எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.