மறு: ஹார்ட் ஃபெயிலியர் – 'இதயப் போதாமை' (செவிலியர் பாடநூல் சொற்கள்)

குழுவினருக்கு வணக்கம்.

செவிலியர் மாணவிகளுக்கான இதய, நுரையீரல் நோய்ப் பாடத்துக்குச் சொல் தேடும் இந்த இழையில், ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் அனுப்பும் ரத்தம் உடலுக்குப் பற்றாத நிலை) ஒன்றுக்கே நான்கைந்து சொற்கள் வந்துவிட்டன. நான் முன்வைத்த 'இதயப் போதாமை'க்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இதயச் செயலிழப்பு நிலைபெற்றுவிட்ட சொல். செய்தித்தாளில் வருகிறது, எல்லோருக்கும் தெரியும். புதிது எதற்கு?

எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேறு பொருளில் தெரியும். கை செயலிழந்தது என்றால் அசையவில்லை என்று அர்த்தம். இதயம் செயலிழந்தது என்றால் கேட்பவருக்கு ஆள் போய்விட்டார் என்றுதான் படும். இந்த நோயாளியோ காலையில் எழுந்து காபி குடித்து, பேப்பர் படித்து, படி ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கி நிற்பவர். மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடுமாகப் பல ஆண்டுகள் வாழக்கூடியவர்.

வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாணவி ஒருத்தி, கேஸ் ஷீட்டில் இருந்ததைப் பாடநூல் தமிழில் மாற்றி, நோயாளியின் மனைவியிடம் "ஐயாவுக்கு இதயம் செயலிழந்திருக்கும்மா" என்றாள். அந்த அம்மா சட்டென்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வராந்தாவுக்குப் போய் ஊருக்கு ஃபோன் போட்டார். சாயங்காலம் வேன் பிடித்து உறவினர் வந்து இறங்கினார்கள். மாணவிமேல் குற்றமே இல்லை. நாம் கொடுத்த சொல்லைத்தான் அவள் சொன்னாள்.

இந்த இடத்தில் மூன்று நிலைகள் உண்டு, மூன்றுக்கும் செவிலியர் செய்ய வேண்டியது வேறு வேறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டுத் தசை சாகத் தொடங்குவது மாரடைப்பு. இங்கே உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. துடிப்பே நின்று ஆள் சாய்ந்துவிடுவது கார்டியாக் அரெஸ்ட். இங்கே நெஞ்சில் கை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். மூன்றாவதுதான் நம் சொல்லுக்குரியது: இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் அனுப்பும் ரத்தம் உடலுக்குப் பற்றவில்லை. இங்கே நோயாளியை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆக்சிஜன், மருத்துவர் எழுதியபடி லேசிக்ஸ் (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) ஊசி, பிறகு சிறுநீர் அளவைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். மூன்றையும் குழப்பிக்கொண்டால் கை தவறான இடத்துக்குப் போகும்.

குழப்பம் பாமரருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2016 டிசம்பர் 4 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு நேர்ந்ததை மருத்துவமனை கார்டியாக் அரெஸ்ட் என்று அறிவித்தது. தமிழ் ஊடகங்கள் பலவும் அதை மாரடைப்பு என்றே சொல்லின. 'செயலிழப்பு' என்ற சொல்லைத் துடிப்பு நின்றதற்கும், திணறும் இதயத்துக்கும் மாற்றி மாற்றிப் போடுவதையும் பார்க்கிறோம். என் கோரிக்கை, துடிப்பு நிற்பதற்கு 'இதய நிறுத்தம்' என்றே வைத்துவிட்டு, பாடநூலில் இதயத்தோடு 'செயலிழப்பு' என்பதைச் சேர்ப்பதையே விட்டுவிடலாம் என்பது.

> வலுவிழப்பு அல்லது வலுக்குறைவு என்று வைக்கலாமே? டாக்டர்களே 'ஹார்ட் வீக்கா இருக்கு' என்றுதானே சொல்கிறார்கள்.

ஐயா, இந்தச் சொல்மேல் எனக்கும் ஆசைதான். வார்டில் நாள் முழுக்க ஒலிப்பது அதுவும் 'பம்பிங் கம்மி' என்பதும்தான். ஆனால் நோயாளிகளில் ஒரு பெரும் பகுதிக்கு இது பொருந்தாது. கணக்கைப் பாருங்கள். நல்ல இதயத்தில் இடக் கீழறை 120 மி.லி. நிறைந்து, ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியேற்றுகிறது என்று கொள்வோம். வெளியேற்றப் பங்கு ஏறத்தாழ 58 விழுக்காடு. சுவர் தடித்து விறைத்துப்போன இதயம் விரிந்து கொடுக்காது. 80 மி.லி. தான் நிறைகிறது, 48 மி.லி. வெளியேறுகிறது. பங்கு 60 விழுக்காடு. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் எண் நன்றாக இருக்கும், தசை நன்றாகவே சுருங்குகிறது, வலுவுக்குக் குறைவில்லை. ஆனால் உடலுக்குப் போனது 70-க்குப் பதில் 48. நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. பல ஆண்டு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, உடல் பருமன் உள்ள வயதான பெண்களிடம் இது நிறையப் பார்க்கிறோம். 'வலுக்குறைவு' என்று படித்த மாணவி 60 விழுக்காட்டைப் பார்த்தால், இது இதயக் கோளாறே இல்லை, வீசிங்காக இருக்கும் என்று நினைத்துவிடுவாள்.

'போதாமை' இரண்டு வகையையும் தாங்குகிறது. பங்கு 40 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்தால் 'சுருக்கம் குறைந்த இதயப் போதாமை'. 50-ம் அதற்கு மேலும் என்றால் 'சுருக்கம் குறையாத இதயப் போதாமை'. இடையில் உள்ளது 'சுருக்கம் சற்றுக் குறைந்த' என்றாகிவிடும். இடப்பக்கம், வலப்பக்கம், திடீர், நாள்பட்ட என எந்த அடைமொழியும் முன்னால் ஒட்டும். வீட்டாரிடம் பேசும்போது "இதயம் அனுப்புற ரத்தம் உடம்புக்குப் பத்தல" என்று பேச்சுத் தமிழுக்கு அப்படியே இறங்கிவரும். எனக்கு இதுதான் முக்கியம். வகுப்பில் படித்த சொல்லும் கட்டிலருகே சொல்லும் சொல்லும் ஒன்றாக இருந்தால், மாணவி மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இழையில் வந்த இன்னொரு சொல்லான 'இதயத் தளர்ச்சி' பற்றிச் சுருக்கமாக: இதயம் விரிந்து நிறையும் கட்டத்தைத் தளர்வு என்று உடலியங்கியலில் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கிறோம். விறைத்த இதயத்தின் கோளாறே தளராததுதான். 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்கள் அந்தச் சொல்லின்மேல் ஏற்றிவைத்திருக்கும் சுமை வேறு. வேண்டாம்.

> போதாமை என்றால் இன்சஃபிஷியன்சி. அது வால்வு நோய்க்கு உரிய சொல் ஆயிற்றே?

ஆங்கிலத்தில் அந்தச் சிக்கல் உண்டு. தமிழில் வால்வு மூடாமல் ரத்தம் திரும்பி வருவதை 'வால்வுக் கசிவு' என்றே சொல்லி வருகிறோம், நோயாளிகளுக்கும் புரிகிறது. அதைத் தொட வேண்டியதில்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஹார்ட் ஃபெயிலியருக்குப் போதாமை என்ற பொருள் தரும் சொல்லே வழக்கில் இருக்கிறது. அங்கே யாரும் வால்வோடு குழப்பிக்கொள்வதில்லை.

> அப்படியென்றால் சிறுநீரகச் செயலிழப்பு, சுவாசச் செயலிழப்பு எல்லாவற்றையும் மாற்றுவீர்களா? வரிசை குலையுமே.

நல்ல கேள்வி. சுவாசத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இறங்கிய நோயாளி நிமிடத்துக்கு 36 முறை மூச்சு விடுகிறார். கழுத்துத் தசை இழுக்கிறது, மூக்குச் சிறகு விரிகிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. இவ்வளவு பாடுபட்டு மூச்சு விடுகிறவருக்குச் 'சுவாசம் செயலிழந்தது' என்று எப்படி எழுதுவது? 'சுவாசப் போதாமை' என்றால் மாணவி எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் எட்ட வேண்டியது எட்டுகிறதா என்று பார்ப்பாள். இன்னொன்றும் கவனிப்பாள்: 36 திடீரென்று 10 ஆனால் அது தேறுதல் இல்லை, நோயாளி களைத்துப்போய்விட்டார், உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

சிறுநீரகத்தை அந்தத் துறையினர் முடிவு செய்யட்டும். ஆங்கிலத்திலேயே திடீர் வகைக்கு 'ஃபெயிலியர்' என்பதைக் கைவிட்டு 'இன்ஜுரி' (காயம், பாதிப்பு) என்று 2000-களில் மாற்றிக்கொண்டார்கள். நிலைத்த சொல் என்பதற்காக அவர்கள் தயங்கவில்லை.

இதயமும் நுரையீரலும் ஒரே பாடத்தில் வருவதால் இன்னொரு பயனும் உண்டு. வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும், பீடி பிடித்தவர்களுக்கும் நுரையீரல் கெட்டு, அதன் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, வலப்பக்க இதயம் திணறும். கால் வீங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், ஈரல் பெருக்கும். இதை 'நுரையீரல்வழி இதயப் போதாமை' எனலாம். பெயரிலேயே காரணம் இருக்கிறது. இவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும், 100 ஆக்குகிறேன் என்று குமிழைத் திருகக் கூடாது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடலாம்.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லையும் முடிக்க வேண்டும். 'நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு' என்று இரண்டு வேறு நிலைகளுக்கும் சொல்கிறார்கள். ஒன்று, நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் கசிவது. இடப்பக்கப் போதாமை முற்றினால் வருவது இதுதான். இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். ஊசி போட்டு உறிஞ்ச முடியாது, லேசிக்ஸ்தான் வழி. மற்றது நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் நீர் சேர்வது. காசநோயில் அதிகம் பார்க்கிறோம். தேவையானால் முதுகுப்பக்கம் ஊசி செலுத்தி எடுப்பார்கள். முதலாவதற்கு 'நுரையீரல் உள்நீர்', இரண்டாவதற்கு 'நுரையீரல் சூழ்நீர்' என்று முன்மொழிகிறேன். 'நீர்க்கோவை' என்று ஒருவர் எழுதியிருந்தார். சித்த மருத்துவத்தில் தலையில் நீர் கோப்பதற்கு அந்தப் பெயர் இருக்கிறது, நீர்க்கோவை மாத்திரை கடையில் விற்கிறது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதிவிடலாம் என்ற கருத்துக்கு ஒரு வரி. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களும் எழுதி வெளியிட்டார். மாணவர் புரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. வார்டில் ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்வதை யாரும் தடுக்கவில்லை. அது என்னவென்று தமிழில் விளக்கத் தெரிந்த செவிலியர்தான் வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் சரியாகப் பேச முடியும்.

அகராதிக்கான வரைவு:

இதயப் போதாமை – உடலின் தேவைக்கேற்ற ரத்தத்தை இதயத்தால் அனுப்ப இயலாத நிலை. அல்லது அறைகளுக்குள் அழுத்தம் கூடினால் மட்டுமே அனுப்ப இயலும் நிலை. துடிப்பு நிற்பதில்லை. முக்கியக் குறிகள்: உழைத்தால் மூச்சு வாங்கல், படுத்தால் திணறல், கால் வீக்கம், அசதி, விரைவான எடைக் கூடுதல்.

கடைசிக் குறியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்க்கச் சொல்லி அனுப்புகிறோம். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு எந்த வழியில் போனது என்று கேட்டு, மருத்துவரிடம் வரச் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு சொற்கள் நிலுவையில் இருக்கின்றன. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடிவதற்கு 'படுக்கைத் திணறல்' என்று எழுதி வருகிறேன். தூங்கி ஓரிரு மணி நேரம் கழித்து மூச்சு முட்டி எழுந்து, ஜன்னலோரம் போய் உட்கார வைப்பதற்கு 'இரவுத் திணறல்' போதுமா, 'திடீர்' என்ற அடைமொழியும் வேண்டுமா? ஆஸ்துமாவும் இரவில் எழுப்பும் என்பதால் கேட்கிறேன். இலங்கை நண்பர்கள் தங்கள் ஆஸ்பத்திரி வழக்கில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம்.

அன்புடன்,
ஒரு செவிலியர் பயிற்றுநர்