ஜூலை 4 (அமெரிக்கச் சுதந்திர தினம்) விருந்து: வீட்டில் பிக்னிக் சாப்பாடு போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

டல்லாஸ்வாசி:
போன ஜூலை 4-க்கு எங்கள் பேக்யார்டில் இருபது பேர். ஹாட் டாக், பர்கர், கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்), சோளம், தர்பூசணி என்று எல்லாரும் வைப்பதுதான். பொட்டேட்டோ சாலட்டை மட்டும் முந்தின ராத்திரியே செய்து, மேலே பாப்ரிகா தூவி, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தோடு மேஜை நடுவில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மா வந்து கிண்ணத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டி, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். ஐந்து பவுண்டு உருளைக்கிழங்கு, ஒரு டஜன் முட்டை! அப்புறம்தான் தெரிந்தது, வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் இந்த மாதிரி சாப்பாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்று. அவர் செய்தது சரிதான். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இன்னும் மனசு ஆறவில்லை. மயோனைஸ் இல்லாமல் செய்தவர்கள் உண்டா?

எடிசன்மருமகள்:
எனக்கு பேக்டு பீன்ஸ். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார், சுத்த சைவம். பீன்ஸ்தானே என்று டின்னைத் திறந்து சூடாக்கி வைத்தேன். "தித்திப்பா நல்லா இருக்கும்மா" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராத்திரி காலி டின்னைக் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது, பொடி எழுத்தில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சி. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன். இன்று வரை அவரிடம் சொல்லவில்லை. மார்ஷ்மெல்லோவையும் பாருங்கள், பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அதுவும் விலங்கிலிருந்து எடுப்பதுதான்.

கரிஅடுப்பு:
டல்லாஸ்வாசி, மயோனைஸ் மேல் பழி போடாதீர்கள். கடை மயோனைஸில் வினிகர் புளிப்பு இருக்கிறது, முட்டையும் பாஸ்சரைஸ் செய்தது. சீக்கிரம் கெடுவது உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும். அதற்குப் பதில் எண்ணெய் ஊற்றினாலும் கணக்கு அதே ஒரு மணி நேரம்தான். என் கதை சின்னது. கரியைத் தாமதமாகப் பற்றவைத்தேன். சாம்பல் பூக்க இருபது நிமிடம் ஆகும் என்பதை நினைக்கவில்லை. ஒரு குட்டிப் பையன் வெறும் பன்னைக் கையில் பிடித்தபடி என் பக்கத்திலேயே நின்றான், அந்த முகம் மறக்கவில்லை.

சரி, சாலட்டுக்கு வருவோம். ரஸெட் வகை உருளைக்கிழங்கு வேண்டாம், குழைந்துவிடும். சிவப்புத்தோல் கிழங்கை உப்புப் போட்ட பச்சைத்தண்ணீரில் இட்டு வேகவையுங்கள். வடித்ததும் சூட்டோடு வினிகர் தெளியுங்கள், உள்ளே இறங்கும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகு மயோனைஸ் சேருங்கள். மேஜையில் சின்னக் கிண்ணம், அதற்கடியில் ஐஸ் பரப்பிய தட்டு, மீதி ஃப்ரிட்ஜில். கோல்ஸ்லாவுக்கு முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பர்கர் நிறத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரைக் குத்தினால் நடுவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். சைவ பர்கருக்கு வைக்கும் வட்டத் துண்டைப் புரட்டத் தனி இடுக்கி.

டல்லாஸ்வாசி:
மயோனைஸ் விஷயம் புரிந்தது, நன்றி. நான் வருத்தப்பட்டது சாலட்டுக்காக மட்டும் இல்லை. எடிசன்மருமகள், நீங்கள் குழாயடியில் நின்றதைப் படித்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அத்தையிடம் சொல்லிவிடுங்கள், தெரியாமல் நடந்ததுதானே. இந்த வருஷம் சின்னக் கிண்ணம்தான். பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். டெவில்டு எக்ஸ் (மஞ்சள் கருவை மசித்து நிரப்பிய அவித்த முட்டை) கொண்டுவருகிறாராம், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு காலி பண்ணி வைக்கச் சொன்னார்.