பெஸ்டிஸ், பீடை, பூச்சிக்கொல்லி

> பெஸ்டிசைடுக்குப் (pesticide) பூச்சிக்கொல்லி என்ற சொல் வேரூன்றிவிட்டது. பெஸ்ட் (pest) என்பதற்கு மட்டும் ‘கேட்டுயிரி’ (கேடு செய்யும் உயிரி) என்று வைத்தால் போதாதா?

ஐயா, வணக்கம்.

போதாது என்பது என் எண்ணம். பெஸ்டுக்கு மூலம் இலத்தீனின் பெஸ்டிஸ். அங்கே பெஸ்டிஸ் என்றால் கொள்ளைநோய், அழிவும் அதுவே, அழிவைக் கொண்டுவரும் ஆளும் அதுவே. கி.மு. 63இல் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலீனாவை முகத்துக்கு நேரே ‘குடியரசின் பெஸ்டிஸ்’ என்று சாடியபோது நோய் எதுவும் பேச்சில் இல்லை. குடிகெடுக்க வந்தவன் என்றுதான் பொருள். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காப்பியத்தில், காதலில் விழப்போகும் அரசி டிடோ ‘வரவிருக்கும் பெஸ்டிசுக்கு நேர்ந்துவிடப்பட்டவள்’.

நோய் என்ற பொருள் யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியாப் பெயரில் தங்கிவிட்டது. ஜெர்மனில் இன்றும் பெஸ்ட் என்றால் பிளேக்தான். ரிண்டர்பெஸ்ட், அதாவது நம் வெக்கை நோய், மாட்டுப் பிளேக். ஆங்கிலத்திலும் முதலில் அப்படித்தான் இருந்தது. பயிரைத் தின்னும் பூச்சி, எலி எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. (பிளேக்குக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். கோவையில் மாரியம்மனே பிளேக் மாரியம்மன் ஆகிவிட்டாள்.)

இந்த விரிவு இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பயிருக்குத் தீங்கு செய்யும் செடி, விலங்கு, நோய்க்காரணி மூன்றுமே பெஸ்ட். களையும் நூற்புழுவும் வைரசும் அதில் அடங்கும். இதற்குப் பூச்சி என்று எழுதினால் எலி மருந்தும் பூச்சிக்கொல்லியாகிவிடுகிறது. நம்மூர்க் குழப்பத்தில் 1968ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்துக்கும் பங்குண்டு. தலைப்பில் பூச்சிக்கொல்லி என்று வைத்துக்கொண்டு, உள்ளே பூஞ்சைக்கொல்லியையும் களைக்கொல்லியையும் அதே சொல்லில் அடைத்துவிட்டார்கள்.

இலங்கையில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே பெஸ்ட் என்றால் பீடை. ‘பீடை முகாமைத்துவம்’ (மேலாண்மை) என்று படித்து வளர்ந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். வடசொல் என்பீர்கள், ஆம், பீடா. ஆனால் ‘பீடை பிடிச்சவன்’, ‘பீடை தொலைஞ்சது’ என்பதை எந்தப் பாட்டியும் அகராதி பார்த்துச் சொல்வதில்லை. சனிப் பீடை நோயாகவும் வரும், நட்டமாகவும் வரும். சிசெரோ கத்திலீனாவைத் திட்டிய அதே தொனி!

‘விவசாயி இதைச் சோதிடம் என்று நினைத்துவிடுவார்’ என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் பூச்சிக்கொல்லி என்றும் சொல்வதில்லை. மருந்து அடிக்கிறேன் என்றுதான் சொல்கிறார். நாம் தேடுவது பாடநூலுக்கும் சட்டத்துக்கும் டப்பா மேல் ஒட்டும் சீட்டுக்கும். கேட்டுயிரி இலக்கணப்படி சரி. ஆனால் வைரசை உயிரி என்பதா என்று அடுத்த சண்டை தொடங்கும்.

ஆகவே பெஸ்ட்: பீடை. பெஸ்டிசைடு: பீடைகொல்லி. பூச்சிக்கொல்லி, இன்செக்டிசைடுக்கு மட்டும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் பல பூச்சிகளைக் கொல்வதைவிட, இலையைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் தடுக்கிறது. அதுவும் பெஸ்டிசைடு கணக்கில்தான் வருகிறது. அதைக் கொல்லி என்பதா? பீடைநாசினி என்றாலும் இதே தொல்லைதான். ‘பீடைத்தடுப்பி’ சரிவருமா? பயிர்ப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.