கொண்டை முடியக்கூடக் கை பின்னால் போகவில்லை: இறுகிய தோள்பட்டைக்கு என்ன செய்வது?

கேள்வி (தேவகோட்டை)

எனக்கு 52 வயது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் இடது தோளில் தொடங்கிய வலி, இரவில் அந்தப் பக்கம் புரண்டாலே உறக்கம் கலையும் அளவுக்கு முற்றி, இப்போது கொண்டை முடியவோ, கொட்டான் முடைய வைத்திருக்கும் ஓலையைப் பரணிலிருந்து எடுக்கவோ முடியவில்லை. எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. அசைக்காமல் ஓய்வு கொடு என்கிறார் ஒருவர். எண்ணெய் தேய்த்து வெடுக்கென்று இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில் (காரைக்குடி, இயன்முறை மருத்துவர்)

ஆச்சி, இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொல்வது ஃப்ரோசன் ஷோல்டர் போலத் தெரிகிறது. தோள் மூட்டைச் சுற்றி உறைபோல இருக்கும் சவ்வு அழற்சியால் தடித்துச் சுருங்குவதே இந்நோய். எலும்பில் கோளாறு இல்லாததால் எக்ஸ்ரேயில் அது தெரிவதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வேறொருவர் மெதுவாகத் திருப்பினாலும் திரும்பவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும்; தசைநார் கிழிந்தவர்களுக்கோ, தாமாகத் தூக்க முடியாத கை, பிறர் தூக்கினால் பெரும்பாலும் மேலே போய்விடும்.

40 முதல் 60 வயதுக்குள், குறிப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. முதலில் வலி மிகும், பிறகு வலி குறைந்து இறுக்கம் நிற்கும், அதன்பின் மெல்லத் தளரும். முழுச் சுற்றும் முடிய ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். நீங்கள் இன்னும் வலி மிகும் கட்டத்தில் இருப்பதால், இப்போது வெடுக்கென்று இழுத்தால் அழற்சி கூடும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்தக் கட்டத்தில்தான் நன்கு உதவும். ஆனால் அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், சர்க்கரை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நடக்கும்போதோ படியேறும்போதோ இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால், தோள் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பதில் (பள்ளத்தூர்)

எனக்கு வலது தோளில் வந்து, தளர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின், குனிந்து மறு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, நோகும் கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டுவேன். பிறகு முகப்புக் கதவின் தேக்கு நிலையில் விரல்களை எறும்புபோல மேலேற்றி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். மூன்று வாரம் ஒரே கோட்டில் நின்றபோது மனம் விட்டுப்போனது உண்மை. வலி பொறுக்கும் அளவோடு நிறுத்துங்கள். ஆனால் ஒரு நாளும் விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன், என் மகள் பிடித்துத் திருப்பியும் கை திரும்பவில்லை. ஊசி பற்றி வியாழக்கிழமை எலும்பு மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். நிலையில் இன்று போட்ட முதல் கோடு என் முகவாய் உயரத்தில் இருக்கிறது.